அணுவுலையும் அறிவின் உடைமையும்: செர்ணோபில் இலக்கியம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

ஒரு பேரழிவு நிகழ்ந்த பின்னர் அதனைப் பொருளாகக் கொண்டு தோன்றும் இலக்கியம் ஒருவகை. அவ்வழிவைத் தோற்றுவிக்கும் நிலைமைகள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அவற்றை இனங்கண்டு கூறும் எழுத்து இன்னொருவகை. முன்னது அவலச்சுவை மிக்கதாய், பரிசில்களும் மொழிபெயர்ப்புகளும் பெற்று நிலைபெறுகின்றது. பின்னது பெரும்பாலும் பத்திரிகைப் பக்கமொன்றிலே தோன்றி, படித்தவர்களின் நினைவிலிருந்தும் மறைந்துவிடுகின்றது. அணுமின் உற்பத்தியின் இடர்கள் பற்றிய எழுத்துக்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்பது புலனாகும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, அன்று சோவியத் ஒன்றியத்தின் பகுதியாயிருந்த உக்ரேனில், செர்ணோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. அதனோடு தொடர்புடைய நான்கு எழுத்துக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. லியுபோவ் கோவலேவ்ஸ்காவின் பத்திரிகைக் கட்டுரை (1986), விளாதிமிர் குபார்யெவின் 'கற்பேழை' என்னும் நாடகம் (1986), கிறிஸ்ரா வொல்ஃப்பின் 'விபத்து' என்னும் புனைகதை (1987), ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் 'செர்ணோபில் பிரார்த்தனை' (1997) என்பன அவை. இவை இடரின் காரணத்தை எங்கே காண்கின்றன என்பதே நமது வினா.

அணுமின் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்பளிப்பது நமது நோக்கமன்று. நிலக்கரியை எரித்து மின் பெறுவதனால் ஆண்டுதோறும் மாள்வோர் தொகை அணுவுலை விபத்துக்களால் மாண்டோர் தொகையிலும் மிகப் பெரிது என்பதும், காலநிலை மாற்றத்தின் நெருக்கடியினால் அணுமின் மீண்டும் பரிந்துரைக்கப்படுகின்றது என்பதும் நாம் அறிந்தவையே. ஆயின் இத்தகைய ஒப்பீடுகள் இடரை ஓர் எண்ணாக மட்டுமே கருதுகின்றன. அவ்வெண் யாருடைய உடலில் எழுதப்படுகின்றது, அதனைக் கணிப்பவர் யார், கணித்தவர் அதனை யாருக்குச் சொல்கின்றார் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. இடர் என்பது ஒரு சமூக உறவு. அறிந்தவர் சுமப்பதில்லை, சுமப்பவர் அறிவதில்லை என்னும் உறவு. இவ்வுறவை இலக்கியம் காண்கின்றதா என்பதை வைத்தே இவ்வெழுத்துக்களை மதிப்பிடுதல் வேண்டும் என்பது நமது துணிபு.

2

இலக்கியத்துக்குச் செல்லுமுன் நிகழ்ச்சியின் காரணம் பற்றிச் சுருக்கமாகக் கூறுதல் அவசியமாகும். மின்வழங்கல் தடைப்படும் வேளையில், சுழற்சி தணிந்துவரும் சுழலியின் எஞ்சிய வேகத்திலிருந்து சிறிது நேரத்துக்கு மின் பெறமுடியுமா என்பதைச் சோதிக்கவே அன்றிரவு ஆயத்தங்கள் செய்யப்பட்டன. சோதனை 25ஆம் திகதி பகலிலே நடைபெற வேண்டியிருந்தது. ஆயின் கியெவ் நகர மின்வழங்கல் கட்டுப்பாட்டாளர் மின் தேவை கருதி உலையைத் தொடர்ந்து இயக்குமாறு கேட்டதனால் அது இரவுக்குத் தள்ளிப்போயிற்று. நள்ளிரவிலே பணியேற்ற தொழிலாளர் குழு அதற்கு உரியவாறு ஆயத்தம் செய்யப்பட்டிருக்கவில்லை.

1986 ஓகஸ்டில் வியன்னாவில் கூடிய சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கூட்டத்திலே சோவியத் தூதுக்குழு அளித்த விளக்கம், விதிகளை மீறிய இயக்குநர்களின் தவறுகளையே முதன்மைப்படுத்திற்று. 1987 யூலையில் செர்ணோபில் நகரத்துக் கலாசார மண்டபத்தில் வழக்கு விசாரணை நடைபெற்றது. நிலையப் பணிப்பாளர் புருக்கானொவ், பிரதம பொறியியலாளர் ஃபோமின், துணைப் பிரதம பொறியியலாளர் டியாற்லொவ் ஆகியோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆயின் 1992இல் அதே முகவரகத்தின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு தனது முந்திய முடிவைத் திருத்தி, உலையின் வடிவமைப்புக் குறைபாடுகளுக்குக் கூடிய அழுத்தம் கொடுத்தது. அவ்வகை உலையில் நீராவிக் குமிழ்கள் பெருகும்போது அணுத்தாக்கம் தணியாது மேலும் உயரக்கூடும். உலையை நிறுத்துவதற்கென்று இறக்கப்படும் கட்டுப்பாட்டுக் கோல்களின் கீழ்ப்பகுதியிலே, பென்சிலுக்குப் பயன்படும் காரீயம் அமைந்திருந்தமையால், அக்கோல்கள் இறங்கத் தொடங்கும் முதற் கணங்களில் உலையின் அடிப்பகுதியில் தாக்கம் அதிகரிக்கவும் கூடும். நிறுத்தும் கருவியே தூண்டும் கருவியாக மாறும் இந்நிலை 1983இல் லித்துவேனியாவின் இக்னாலினா நிலையத்துச் சோதனைகளின்போது கண்டறியப்பட்டிருந்தது. 1975இல் லெனின்கிராட் நிலையத்தில் நேர்ந்த விபத்தும் இவ்வகை உலையின் பலவீனங்களைக் காட்டியிருந்தது. இவ்வறிவு வடிவமைப்பாளரிடமும் அமைச்சுக்களிடமும் தங்கிவிட்டது. உலையின் முன் நின்று அதனை இயக்கியோருக்கு அதன் முழுப் பொருளும் சொல்லப்படவில்லை.

தொழிலாளி தான் இயக்கும் இயந்திரத்தின் இயல்பை அறியாதவனாக ஆக்கப்படுதல், முதலாளித்துவ உற்பத்தியின் அந்நியமாதலுக்கு மார்க்ஸியர் காட்டும் பண்புகளுள் ஒன்றாகும். தொழிலாளர் அரசு என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒன்றிலே, லெனினின் பெயர் பூண்ட ஒரு மின்நிலையத்திலே இது நிகழ்ந்தமை, உடைமை அரசின் கைக்கு மாறியதும் அறிவும் உழைப்போரின் கைக்கு மாறிவிடும் என்னும் எளிய நம்பிக்கையைத் தகர்க்கின்றது. மார்க்ஸிய விமர்சனம் இவ்வுண்மையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் செர்ணோபில் இலக்கியத்தைப் பேச முடியாது.

3

விபத்துக்கு ஒரு மாதம் முந்தி, 1986 மார்ச் 27ஆம் திகதி, உக்ரேனிய எழுத்தாளர் சங்கத்தின் ஏடாகிய 'லித்தெரத்தூர்னா உக்ரயீனா'வில் கோவலேவ்ஸ்காவின் கட்டுரை வெளிவந்தது. நிலையத்தின் தொழிலாளர் வாழ்ந்த பிறிப்பியாத் நகரத்துப் பத்திரிகையாளராக அவர் விளங்கினார். செர்ணோபிலில் ஐந்தாவது உலையின் கட்டட வேலைகள் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. வேலைக்கால அட்டவணை சுருக்கப்பட்டமை, வந்து சேர்ந்த பொருட்களின் பற்றாக்குறையும் தரக்குறைவும், திட்டமிடலின் சீர்கேடு, அவற்றால் தொழிலாளரின் ஊக்கமும் ஒழுங்கும் குலைந்தமை ஆகியவற்றை அவர் பெயர் மறைக்காது எடுத்துரைத்தார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வெடித்தது நான்காவது உலை. அவர் எழுதிய கட்டடக் குறைபாடுகள் வெடிப்புக்குக் காரணமல்ல. எனவே அக்கட்டுரையை ஒரு தீர்க்கதரிசனமாகக் கொண்டாடுவது பிழையாகும். அதன் பெறுமதி வேறிடத்தில் உள்ளது. திட்ட இலக்கு, பொருள் வழங்கல், தொழிலாளியின் நிலை என்பனவற்றை ஒரே தொடர்பிலே வைத்து அது காட்டியது. கவிதைக்கும் கதைக்கும் உரிய ஓர் ஏட்டிலே கொங்கிறீற்றின் தரம் பேசப்பட்டமை, இலக்கியத்தின் எல்லை பற்றிய நமது எண்ணங்களையும் சிந்திக்கவைப்பது.

விபத்தின் பின் எழுந்த முதற் குறிப்பிடத்தக்க இலக்கியம் குபார்யெவின் நாடகமாகும். 'பிராவ்தா'வின் அறிவியற் பகுதி ஆசிரியராகிய அவர் விபத்தையடுத்துச் செர்ணோபிலுக்குச் சென்றவர். அவரது நாடகம் அவ்வாண்டிலேயே 'ஸ்னாம்யா' சஞ்சிகையில் வெளியாகி, 1987இல் இலண்டனில் றோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவினாலும் மேடையேற்றப்பட்டது. கதிர்வீச்சுக்குள்ளானோரைச் சிகிச்சைக்கு ஏற்கும் மருத்துவ நிறுவனமே அதன் களம். நோயாளிகள் ஒவ்வொருவராக மாள, புலனாய்வாளர் ஒருவர் பொறுப்பாளியைத் தேடி விசாரணை நடத்துகின்றார். தீப்பற்றக்கூடிய கூரையும், தன்னலமியான நிலையப் பணிப்பாளரும் அங்கு குற்றக்கூண்டில் நிறுத்தப்படுகின்றனர். அக்காலச் சோவியத் சூழலில் இது துணிவான படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் விசாரணை என்னும் வடிவமே அதன் வரையறையுமாகின்றது. விசாரணைக்குக் குற்றவாளி தேவை. குற்றவாளி ஒரு தனிமனிதனாக இருத்தல் வேண்டும். கலாசார மண்டபத்தில் நடைபெற்ற வழக்கை நாடகம் ஓராண்டு முந்தியே மேடையில் நடத்திவிட்டது எனலாம். இரண்டிலும் தண்டிக்கப்படுவோர் நிலையத்துக்குள்ளேயே அகப்படுகின்றனர். கோல்களின் இரகசியத்தை வைத்திருந்த அலுவலகங்களின் வாசல்வரை விசாரணை செல்வதில்லை.

4

வொல்ஃப்பின் புனைகதை முற்றிலும் வேறு திசையிலே செல்கின்றது. கிழக்கு ஜேர்மனியின் கிராமமொன்றிலே தனித்திருக்கும் ஒரு பெண் எழுத்தாளரின் ஒருநாட் சிந்தனையாக அது அமைந்துள்ளது. அதே நாளில் அவரது தம்பிக்கு மூளையிலே கட்டியொன்றை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. வானொலி புதிய சொற்களைக் கொண்டுவருகின்றது; தோட்டத்துக் கீரையை உண்ணலாமா, குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்னும் ஐயங்கள் எழுகின்றன. உயிர் காக்கும் அறிவியலும் உயிர் போக்கும் அறிவியலும் ஒரே நாளின் இரு நூல்களாகப் பின்னப்படுகின்றன.

அன்றாட வாழ்வின் மிகச் சிறிய செயல்களுக்குள்ளே இடர் நுழையும் விதத்தை இப்படைப்புப் போல நுணுக்கமாகக் காட்டியவை சில. பால், கீரை, மழை, முகில் ஆகிய சொற்கள் தமது பழைய பொருளை இழக்கும் தருணத்தை மொழியுணர்வுள்ள ஓர் எழுத்தாளரே இங்ஙனம் பற்றிப் பிடிக்கமுடியும். இவ்வச்சம் வெறும் மனப்பிரமையும் அன்று. விபத்துக் காலத்தில் சிறுவராயிருந்தோரிடையே பெலாரூஸ், உக்ரேன், ரஷ்யா ஆகிய நாடுகளில் 2005 வரையில் 6,000க்கும் மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் பதிவாகின. கதிரியக்க அயடீன் கலந்த பாலை அருந்தியமை அவற்றுட் பலவற்றுக்குக் காரணமாயிற்று.

ஆனால் வொல்ஃப் காரணத்தைத் தேடிச் செல்லும்போது மனித மூளையின் பரிணாமத்திலும், அறிவு வேட்கையின் இருண்ட பக்கத்திலும், ஆயுத ஆய்வுகூடங்களில் தனித்திருக்கும் இளம் விஞ்ஞானிகளின் உளவியலிலும் போய் நிற்கின்றார். குபார்யெவிடம் குற்றம் மிகச் சிலருடையது. வொல்ஃப்பிடம் அது மனித இனம் முழுவதனுடையது. எல்லோரும் குற்றவாளிகள் என்னும்போது எவரும் பொறுப்பாளியல்லர். உலையின் கட்டுப்பாட்டறையில் நின்ற தொழிலாளி இரு படைப்புக்களிலும் உரிய இடத்தைப் பெறவில்லை.

5

அலெக்ஸியேவிச்சின் நூலே இவ்விலக்கியத்துள் மிகப் பரவலாக அறியப்பட்டது. 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தமை அதற்கு மேலும் வாசகரைத் தேடித்தந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாகத் திரட்டப்பட்ட சாட்சியங்கள் தனிமொழிகளாகவும் குழுக்குரல்களாகவும் அதில் ஒழுங்கமைக்கப்பட்டுள்ளன. தீயணைப்பு வீரர் ஒருவரின் மனைவியின் குரலோடு நூல் தொடங்குகின்றது. துப்புரவுப் பணிக்குச் சென்று மாண்ட இன்னொருவரின் மனைவியின் குரலோடு முடிகின்றது. இடையிலே படைவீரர், கிராமத்து முதியோர், சிறுவர், ஆசிரியர், விஞ்ஞானிகள், கட்சி அலுவலர் ஆகியோர் பேசுகின்றனர்.

இந்நூலின் சாதனை யாது? எண்களின் மொழி மறைத்தவற்றை அது மனிதக் குரலுக்கு மீட்டது. அதிகாரபூர்வமான கணக்கின்படி இருவர் வெடிப்பின் உடனடி விளைவாக மாண்டனர். கடுங் கதிர்வீச்சு நோய் உறுதிசெய்யப்பட்ட 134 பேரில் 28 பேர் அவ்வாண்டிலே மாண்டனர். நீண்டகால மரணங்கள் பற்றிய மதிப்பீடுகளோ பெரிதும் வேறுபடுகின்றன. மிகுதியாகக் கதிர்வீச்சுக்குள்ளானோரிடையே 4,000 வரை என 2005இல் செர்ணோபில் மன்றம் கூறிற்று. 90,000க்கும் மேல் என 2006இல் கிறீன்பீஸ் கூறிற்று. இவ்வெண்களின் சண்டையிலே, ஏறத்தாழ 36 மணிநேரம் எதுவும் அறியாது தமது நகரத்தில் நடமாடி, பின்னர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்ட பிறிப்பியாத் மக்களுக்கு இடமில்லை. துப்புரவுப் பணியாளராகப் பதிவான ஏறத்தாழ 600,000 பேரின் வாழ்க்கைக்கும் இடமில்லை. அலெக்ஸியேவிச் அவர்களைப் பேசவைத்தார்.

அவர் காரணங்களை முற்றாகப் புறக்கணித்தார் என்று கூறுவதும் நேர்மையாகாது. பெலாரூஸ் அறிவியற் கழகத்தின் அணுசக்தி நிறுவனப் பணிப்பாளராயிருந்த வசிலி நெஸ்தெரென்கோவின் சாட்சியம் நூலிலே இடம்பெறுகின்றது. மக்களுக்கு அயடீன் வழங்கவேண்டும் எனக் கட்சித் தலைமைக்கு எடுத்துச்சொல்லியும் செவிசாய்க்கப்படாத கதை அதில் உண்டு. மேலிடத்துக்குக் கீழ்ப்படிந்து நடந்த ஒரு மாவட்டக் கட்சிச் செயலாளரும் தன் நியாயத்தைக் கூறுகின்றார். அறிந்தவனும், அறிந்தும் சொல்லாதவனும், அறியாது சுமந்தவனும் ஒரே நூலில் வந்துவிடுகின்றனர். இது வேறெந்தப் படைப்பிலும் காணப்படாத விரிவு.

ஆயின் அவர்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றனரேயன்றி எதிரெதிராக நிற்பதில்லை. பிரார்த்தனை என்னும் தலைப்பும், கிரேக்க அவலநாடகத்தை நினைவூட்டும் குழுக்குரல்களும், காலம் பற்றியும் மனித இருப்புப் பற்றியும் ஆசிரியர் தம் குரலில் கூறும் சிந்தனைகளும், முரண்பட்ட சாட்சியங்களை ஒரே துயரத்தின் பல சுரங்களாக இசைவித்துவிடுகின்றன. அயடீனை வழங்க மறுத்தவனின் துயரமும், அது கிடைக்காத குழந்தையின் தாயின் துயரமும் ஒரே துயரமல்ல. துயரத்தின் சமத்துவம் பொறுப்பின் சமத்துவமின்மையை மறைக்கின்றது. நூலை வாசித்து முடிக்கும் வாசகர் கண் கலங்குகின்றார். ஆனால் இனியொருமுறை இது நிகழாதிருக்க எதனை மாற்றவேண்டும் என்னும் வினாவோடு அவர் எழுவதில்லை. இது தனியோர் எழுத்தாளரின் குறைபாடு மாத்திரமன்று. சோவியத் ஒன்றியம் குலைந்த பின்னர், வரலாற்றின் மீதே நம்பிக்கையிழந்த ஒரு புத்திஜீவி வர்க்கத்தின் மனநிலை இவ்வடிவத்திலே பதிந்துள்ளது.

6

அறிவைப் பூட்டிவைத்தல் சோவியத் அதிகாரவர்க்கத்தின் தனிப் பண்பு என முடிவு கட்டுவோரும் உளர். அணுமின் வரலாறு அவர்களுக்கு ஆதரவளிக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில் 1979 மார்ச் 28ஆம் திகதி உலையின் கருப்பகுதி ஓரளவு உருகியது. மூடவேண்டிய வால்வொன்று திறந்தபடியே நின்றதும், அதனை இயக்குநர் உணராது குளிர்நீரைக் குறைத்ததும் உடனடிக் காரணங்களாகும். இதனையொத்த நிகழ்ச்சி 1977இல் ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸி நிலையத்தில் நேர்ந்திருந்தது. உலையை உற்பத்தி செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் இது பற்றி எழுத்தில் எச்சரித்துமிருந்தார். அவ்வெச்சரிக்கை நிறுவனத்தின் கோப்புக்களுக்குள் நின்றுவிட்டது. திறீ மைல் ஐலண்ட் தொழிலாளரை எட்டவில்லை. ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கெமெனி ஆணைக்குழு அவ்வாண்டிலேயே இதனை வெளிப்படுத்திற்று. அங்கே வணிக நலன், இங்கே அரச இரகசியம்; உலையின் முன் நின்றவனுக்கு விளைவு ஒன்றே.

இவ்வுறவை உள்ளிருந்து எழுதிய ஒரு நூலை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். யப்பானிய எழுத்தாளர் ஹொரியே குனியோ 1978-79இல் மிஹாமா, புக்குஷிமா டாயிச்சி, ட்சுறுகா ஆகிய மூன்று அணுமின் நிலையங்களில் உப ஒப்பந்தத் தொழிலாளியாக வேலைசெய்து, அவ்வனுபவத்தை 1979இல் நூலாக வெளியிட்டார். நிலையம் விட்டு நிலையம் அலையும் கூலித் தொழிலாளரின் நாட்குறிப்பு அது. தொழிலாளி விற்கும் உழைப்புச் சக்தியை மார்க்ஸ் வேலைநாளின் மணிகளால் அளந்தார். அணுவுலையைத் துப்புரவு செய்வோனிடம் இன்னோர் அளவுகோலும் சேர்கின்றது. அவனது உடல் ஏற்க அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சின் அளவே அது. அவ்வளவு நிறைந்ததும் அவன் விலக்கப்பட்டு, நிறையாத உடலுடன் இன்னொருவன் கொண்டுவரப்படுகின்றான். செர்ணோபிலின் கூரையிலே ஓரிரு நிமிடங்கள் மட்டும் நின்று கதிரியக்கக் கழிவை அள்ளி வீசிய படைவீரரிடமும் இதே கணக்கே செயற்பட்டது. 2011இல் புக்குஷிமாவில் ஆழிப்பேரலையின் பின் உலைகள் உருகியபோது உலகம் கண்டு திகைத்த உப ஒப்பந்தத் தொழிலாளர் உலகை, அதே நிலையத்தினுள்ளிருந்து ஹொரியே 32 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதியிருந்தார்.

இவ்விடத்திலே ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை எழுகின்றது. 1932இல் எழுதிய கட்டுரையொன்றில் லூகாக்ஸ், செய்தி விவரண முறையானது மெய்ம்மைகளைத் துண்டு துண்டாகக் காட்டுமேயன்றிச் சமூக முழுமையைச் சித்திரிக்காது என வாதித்தார். மார்க்ஸிய விமர்சகர் பலர் இதனை அடியொற்றி விவரண எழுத்தைப் படைப்பிலக்கியத்துக்குக் கீழானதாகவே கருதி வந்துள்ளனர். அணுமின் இலக்கியமோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றது. நாடகமும் புனைகதையும் முழுமையைக் காணத் தவறின. கட்டடக் களத்திலும் உலையின் அடித்தளத்திலும் நின்று எழுதப்பட்ட விவரணங்களே உற்பத்தி உறவைத் தொட்டன. இதனால் லூகாக்ஸின் கோரிக்கை பொய்த்துவிடவில்லை. முழுமையைக் காணவேண்டும் என்னும் கோரிக்கை சரியானதே. அம்முழுமை எவ்வடிவத்தில் அகப்படும் என்பதை முன்கூட்டியே விதித்தமையே தவறானது. உற்பத்தியின் அறிவு பூட்டப்பட்டிருக்கும் துறையில், உள்ளே சென்று பார்த்தவனின் நாட்குறிப்பு ஒரு பெருநாவலிலும் கூடிய யதார்த்தத்தைத் தரக்கூடும்.

7

இவ்வாய்வு தமிழ் வாசகருக்குத் தூரத்துச் செய்தியன்று. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலே, கூடங்குளத்தில், ரஷ்ய வடிவமைப்பு உலைகள் இயங்குகின்றன. அதற்கான உடன்பாடு 1988 நவம்பரில், செர்ணோபிலின் பின் மூன்றாண்டுகளும் நிறையாத நிலையில், ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கைச்சாத்திட்டதாகும். அவ்வுலைகள் செர்ணோபிலில் வெடித்த வகையைச் சேர்ந்தவையல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அறிவியலுக்குப் புறம்பானது. ஆயின் 2011 முதல் இடிந்தகரையில் மீனவ மக்கள் நடத்திய போராட்டத்தின்போது எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று நமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. நிலையத்தின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையைத் தமக்குக் காட்டவேண்டும் என அவர்கள் கேட்டனர். 2012 ஏப்ரலில் இந்திய மத்திய தகவல் ஆணையம் அதனை வெளியிடுமாறு பணித்தபோதும், அணுமின் கழகம் அதனை எதிர்த்து நீதிமன்றத்தை நாடிற்று. கடலை நம்பி வாழ்வோர் தமது கரையிலுள்ள உலையின் இயல்பை அறியக் கேட்டமை, இடரைச் சுமப்பவர் அறிவின் உடைமையைக் கோரியமையே.

தமிழிலே அணுமின் பற்றிய படைப்புக்கள் தோன்றும்போது, அவலத்தைப் பாடுவது எளிது. அது பாராட்டையும் பெறும். ஆயின் கோவலேவ்ஸ்காவும் ஹொரியேயும் காட்டிய வழி வேறானது. பொருட்களின் தரம், வேலைக்கால அட்டவணை, ஒப்பந்தத்தின் படிகள், மறைக்கப்பட்ட அறிக்கை ஆகியவையும் இலக்கியத்தின் பொருள்களே என அவர்கள் எழுதிக் காட்டினர். அழிவுக்குப் பின் வரும் பிரார்த்தனைக்கு மனித மதிப்பு உண்டு. எனினும் அழிவுக்கு முன் எழுதப்படும் விவரணத்துக்குரிய இடத்தை முற்போக்கு விமர்சனம் இனியேனும் வழங்குதல் வேண்டும். உலையின் முன் நிற்பவனும் அதன் நிழலில் வாழ்பவளும் உலையை வடிவமைத்தவன் அறிந்ததை அறியும்வரை, இடரைக் குறைத்துவிட்டோம் என்னும் கூற்று எந்த ஆட்சியின் கீழும் முழுமையான உண்மையாக மாட்டாது.